ஒன்பதால் வகுபடுகிறதா?

அன்புள்ள ஐயா,

பதினெட்டு வருடம் நிறுவனங்களில் கணக்கு பார்த்துவிட்டு, இப்போது தனியாகத் தொழில் தொடங்கியிருக்கிறேன். வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன், இணைத்திருக்கிறேன். எனக்குச் செஸ் பிடிக்கும், பறவை பார்க்கப் போவேன். இதையும் எழுதினால் வேலையில் கவனமில்லாதவன் என்று நினைப்பார்களோ? புகைப்படம், கட்டணம் எல்லாம் போடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புகைப்படம் உங்கள் விருப்பம். கட்டணத்தை நேரில் பேசிக்கொள்ளுங்கள்.

பறவை என்ற சொல்லைப் பார்த்ததும் என் முதல் மேலாளர் நினைவு வந்துவிட்டது. சில நாட்களாகவே அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பிரிவில் சேர்ந்த புதிதில் ஒரு மாதம் டிரையல் பேலன்ஸில், அதாவது பற்றையும் வரவையும் தனித்தனியே கூட்டி ஒப்பிடும் பட்டியலில், 63 உதைத்தது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. அவர் பேரேட்டைத் தொடவே இல்லை. “ஒன்பதால் வகுபடுகிறதா?” என்று மட்டும் கேட்டார். வகுபட்டது. “அப்படியானால் எங்கோ இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கலாம், அதை முதலில் பார்” என்றார். 270ஐ 207 என்று ஏற்றியிருந்தேன்.

சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். “பொருந்திவிட்டது, சரி. உண்மையா?” என்றார். அன்றைக்குப் புரியவில்லை. ஒரு செலவை வேறு தலைப்பில் எழுதினாலும் பற்றும் வரவும் பொருந்தும். ஒரு பில்லை முழுதாக விட்டுவிட்டாலும் பொருந்தும். பொருந்திய கணக்கிலும் பொய் இருக்கும் என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

அவர் மேசை இழுப்பறையில் பறவைக் குறிப்பேடு ஒன்று இருக்கும். தேதி, நேரம், மரம், பறவை. பாதி வரிகளில் ‘காணவில்லை’ என்றுதான் இருக்கும். பார்க்காததைப் பார்த்ததாக ஒரு நாள்கூட எழுதவில்லை. அவர் ஏன் அப்படிக் கணக்கு பார்த்தார் என்பது எனக்கு அந்த ஏட்டில்தான் தெரிந்தது.

நீங்கள் என்னடா என்றால் செஸ்ஸை ஒளித்துவைக்கிறீர்கள்! ஒவ்வொரு பரிமாற்றத்தையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமும் எழுதுவதுதான் இரட்டைப் பதிவு முறை. வெனிஸ் வணிகர்களின் அந்த முறையை 1494இல் விளக்கி அச்சிட்ட லூகா பாச்சோலி ஒரு துறவி, கணித ஆசிரியர். செஸ் புதிர்களைத் தொகுத்திருக்கிறார், எண்களை வைத்துச் செய்யும் வித்தைகளை எழுதியிருக்கிறார். 1509இல் அச்சான அவரது இன்னொரு நூலுக்குப் படம் வரைந்தவர் லியனார்டோ டாவின்சி. உங்கள் தொழிலில் முதலில் அச்சான பாடப்புத்தகத்தை எழுதியவரே இப்படி இருந்திருக்கிறார். நீங்கள் யாருக்குப் பயப்படுகிறீர்கள்?

எனக்குக் கோபம் அந்த வரைவின் மேல்தான். உதவிக் கணக்காளர், முதுநிலைக் கணக்காளர், கணக்கு மேலாளர் என்று வெறும் பதவிகளாக அடுக்கியிருக்கிறீர்கள். பதினெட்டு வருடத்தில் ஒரு தப்பைக்கூடக் கண்டுபிடிக்கவில்லையா? எந்த மாதக் கணக்கு உங்களைத் தூங்கவிடவில்லை? எந்த இடத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றீர்கள்? ஆளைத் தேடி வருகிறவருக்கு அதைத்தானே சொல்ல வேண்டும். பெயர்களைச் சொல்லாதீர்கள், அடுத்தவர் கணக்கு ரகசியம். நடந்ததைச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் எழுதியதைச் சரிபார்க்கப் பக்கத்து மேசையில் ஆள் கிடையாது. அந்தத் தனிமை முதல் வருடம் ரொம்ப வாட்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பறவை பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வரைவைத் திருத்தி அனுப்புங்கள். கடைசியாக என்ன பறவை பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள்.