எட்டு வருஷத் தாமதம் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஜப்பானிய இயக்குநர் மகோதோ ஷிங்காயின் ‘வாய்சஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார்’ பார்த்தேன். 25 நிமிஷ அனிமேஷன்தான், ஆனாலும் ஒட்டவில்லை. காதலர் இருவர் பார்வையிலும் சொல்லப்பட்ட கதை என்கிறீர்கள். எனக்கு அது மிகாகோவின் கதையாகத்தான் படுகிறது. அவள் விண்வெளிக்குப் போகிறாள், சண்டை போடுகிறாள், அழுகிறாள். நொபோரு ஊரில் இருந்துகொண்டு போனைத் திறந்து திறந்து மூடுகிறான். அவன் பக்கத்தை வெட்டிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நிமிஷக் கணக்கு பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் வெட்டித்தான் பாருங்களேன். மிஞ்சுவது, பள்ளிச் சீருடையோடு ரோபோவுக்குள் உட்கார்ந்து வேற்றுக்கிரக ஆட்களோடு மோதும் ஒரு பெண்ணின் சாகசம். அந்த ரகம் ஜப்பானில் ஏற்கெனவே ஏராளம். நொபோருவுக்குப் போனில் அனுப்பும் செய்தி போய்ச்சேரத் தாமதமாகிறது என்று அவள் சொல்வாள், நாமும் கேட்டுக்கொள்வோம், அவ்வளவுதான்.

கதை தொடங்குவது 2046-ல். (அப்போதும் மடக்குப் போன்தான் வைத்திருக்கிறார்கள், படம் 2002-ல் வந்தது, விட்டுவிடலாம்.) கப்பல் செவ்வாய், வியாழன், புளூட்டோ என்று தள்ளிப்போகப் போக, அனுப்பிய செய்தி வந்துசேரும் இடைவெளி நீண்டுகொண்டே போகிறது, அப்புறம் ஒரே தாவலில் சிரியஸ் நட்சத்திரம். பூமியிலிருந்து 8.6 ஒளியாண்டு, அதாவது ஒளியின் வேகத்தில் போகும் செய்திக்கே எட்டரை வருஷத்துக்கு மேல் ஆகும். அவளுக்கு அந்தத் தாவல் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது, இன்னும் பதினைந்து வயசுதான், அந்த வயசில் உட்கார்ந்துகொண்டு ‘இருபத்துநாலு வயதாகிவிட்ட நொபோருவுக்கு’ என்று செய்தி எழுதுகிறாள். அந்த எட்டு வருஷம் சொச்சத்தை ஒவ்வொரு நாளாக வாழ்ந்து கழிக்க வேண்டியவன் அவன். தூரம் என்ன என்பதை அவள் காட்டுகிறாள், அது ஒரு மனுஷனை என்ன செய்யும் என்பது அவனிடம்தான் தெரிகிறது.

அவன் ஒன்றுமே செய்யவில்லை என்கிறீர்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அத்தனை சண்டை போட்டாலும் மிகாகோ எதையும் தானாக முடிவுசெய்வதில்லை. தேர்ந்தெடுத்தார்கள், போனாள், தாக்கினார்கள், திருப்பித் தாக்கினாள். முடிவெடுப்பது நொபோரு. திறக்காது என்று தெரிந்த கதவை இனித் தட்டிக்கொண்டு நிற்பதில்லை, மனசை இறுக்கிக்கொண்டு தனியாகவே வளர்ந்துவிடுவது என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறானே, அந்த இடம். அவன் குரலில் கேட்கவில்லை என்றால் அவனைத் துரோகி என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். அதே நேரம் அந்தப் பக்கம் அவள் இன்னும் தட்டிக்கொண்டிருப்பதும் நமக்குத் தெரிகிறது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் படம் பார்ப்பவர்தான், அவர்கள் இருவருக்கும் தெரியாது.

நம் அகமரபில் போருக்குப் போவது தலைவன், கார்காலத்தை எண்ணிக்கொண்டு இருப்பது தலைவி. முல்லையில் ‘இருத்தல்’ என்று அதற்கு ஒரு பெயரே உண்டு, அதை யாரும் சும்மா உட்கார்ந்திருப்பது என்று படிப்பதில்லை. அப்படிக் காத்திருப்பது ஆண் என்றால் மட்டும் வெறுமனே போனைப் பார்த்துக்கொண்டிருப்பவன் ஆகிவிடுகிறானா?

கடைசிப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். இருவரும் மாறி மாறி ஒரு பட்டியல் சொல்கிறார்கள். கோடை மேகம், குளிர்ந்த மழை, குடைமேல் மழை விழும் சத்தம், கரும்பலகை அழிப்பானின் வாசனை, நடுராத்திரியில் தூரத்தில் போகும் லாரி, மழையில் நனைந்த தார்ரோட்டின் வாசனை. இதில் காதல் என்ற வார்த்தையே இல்லை. இதையெல்லாம் உன்னோடு சேர்ந்து உணர வேண்டும் என்றிருந்தது என்கிறார்கள், அப்புறம் இரண்டு குரலும் ஒன்றாக ‘இங்கே இருக்கிறேன்’ என்கின்றன. ஒருவர் சொல்லியிருந்தால் அது வெறும் ஏக்கம். இங்கே ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுக்கிறார், நடுவில் எட்டு ஒளியாண்டு இருக்கிறது.

படத்தில் முகங்கள் சுமாராகத்தான் வரையப்பட்டிருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஷிங்காய் ஒரு கேம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டு மேக் கம்ப்யூட்டரில் கிட்டத்தட்டத் தனியாளாகச் செய்த படம். ஆட்களை அசைப்பதைவிட வானத்தையும் படிக்கட்டையும் மின்கம்பியையும் வரைந்து, மேலே குரலை ஓடவிடுவது அவருக்குக் கட்டுப்படியாகியிருக்கும். முதலில் அந்த இரண்டு குரலும் அவரும், அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணும் பேசியதுதான். தொழில்முறைக் கலைஞர்கள் பேசிய வடிவம் பின்னால் வந்தது. டிவிடியில் பழைய குரலும் உண்டு, கிடைத்தால் அதில் பாருங்கள். அதில் நொபோரு இன்னும் கொஞ்சம் தயங்கித்தான் பேசுகிறான்.