இன்செர்ட் கட்டளை சில பெயர்களை மட்டும் ஏன் விழுங்குகிறது?

பிஎச்பியில் எழுதிய இன்செர்ட் (டேட்டாபேஸில் புது வரி சேர்க்கும் கட்டளை) சில பெயர்களுக்கு ஏறுகிறது, சிலதுக்கு ஏறவில்லை, பிழையும் காட்டவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

அங்கே ஒரு நண்டு கம்பெனிக்குக் கொள்முதல் கணக்கு ஏற்ற ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் சும்மா கிடக்க, நானும் சாவகாசமாக குமார், செல்வம் என்று வாய்க்கு வந்த பெயரைப் போட்டுச் சோதித்தேன். எல்லாம் ஏறியது. தடை முடிந்து படகுகள் கரை திரும்பிய முதல் நாளே கணக்குப்பிள்ளை கூப்பிட்டார்.

"தம்பி, ரெண்டு படகுக் கணக்கைக் காணோம். நான் போட்டேன், உன் பெட்டிதான் முழுங்கிருச்சு."

"மறந்திருப்பீங்கண்ணே" என்றேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

இரண்டுமே டி'குரூஸ் என்பவரின் படகுகள். கடற்கரை ஊர்களில் கேட்டுப் பழகிய பெயர்தான். நான் பெயரை இரண்டு ஒற்றை மேற்கோள்குறிகளுக்கு நடுவே அப்படியே ஒட்டியிருந்தேன். பெயருக்குள்ளேயே ஒரு குறி இருந்ததால், 'டி'யோடு பெயர் முடிந்தது என்று டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் எடுத்துக்கொண்டு, மிச்சம் புரியாமல் 1064 என்று (கட்டளையின் இலக்கணம் தப்பு என்பதற்கான பிழை எண்) கத்தியிருக்கிறது. அது என் காதில் விழவில்லை. கட்டளை ஓடியதா என்று பார்க்காமலே "பதிவாகிவிட்டது" என்று காட்டும்படி எழுதியிருந்தேனே! பிஎச்பி 8.1 முதல் மைஎஸ்கியூஎல்ஐ (பிஎச்பியை மைஎஸ்கியூஎலோடு இணைக்கும் பகுதி) தானாகவே எக்ஸெப்ஷன் வீசும், அதாவது பிழை என்று சத்தமாகச் சொல்லும். அதற்கு முந்தையதில் நாம் கேட்டால்தான் சொல்லும்.

உங்களுக்கு ஏறாத பெயர்களிலும் அந்தக் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஒவ்வொரு குறியாகத் தேடி இரட்டித்துச் சமாளிக்க வேண்டாம். மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி போட்டு கட்டளையை முதலில் ப்ரிப்பேர் (தயார்) செய்து, மதிப்புகளைத் தனியே பைண்ட் செய்யுங்கள், அதாவது கேள்விக்குறியோடு இணையுங்கள். அந்தக் கேள்விக்குறியைச் சுற்றி மேற்கோள் போட்டுவிடாதீர்கள், அது வெறும் எழுத்தாகிவிடும். (நான் போட்டேன். அரை நாள் போனது.) பெயர்க் கட்டத்தில் யாராவது விஷமமாகக் கட்டளையைச் செருகினாலும் இந்த முறையில் பலிக்காது.

பிழையைக் காட்டவைத்த பிறகு வேறு எண்களும் வரலாம். 1136 என்றால் அட்டவணையின் நெடுவரிசை (column) எண்ணிக்கையும் மதிப்பு எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. 1292 என்றால் பெரும்பாலும் தேதி. நம் வழக்கப்படி நாளை முதலில் கொடுத்திருப்பீர்கள், மைஎஸ்கியூஎலுக்கு வருடம் முதலில் வேண்டும்.

அப்புறமும் சிக்கினால் பிழை வரியோடு கட்டளையை இங்கே போடுங்கள். பாஸ்வேர்டை அழித்துவிட்டு.