நாட்டுச் சர்க்கரையும் ககாபோவும்

கேள்வி: நியூசிலாந்தின் அரிய ககாபோ கிளி, அமெரிக்காவின் சாதாரண ஹம்மிங் பறவை. இரண்டில் பிழைக்கத் தெரிந்தது எது? மாடியில் நாட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் ஹம்மிங் பறவை வருமா?
(ஒரு வாசகர், செல்லூர்)

பதில்: முதலில் அந்த நாட்டுச் சர்க்கரையை அடுக்களையிலேயே வையுங்கள். காபி முதல் கல்யாணப் பாயசம் வரை அதைப் போட்டே தீர வேண்டும் என்று கிளம்பியிருக்கும் கோஷ்டியோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய வழக்கு உண்டு. இப்போது பறவைக்கும் ஊற்ற வந்துவிட்டார்கள்! அதிலுள்ள இரும்புச்சத்து ஹம்மிங் பறவைக்கு ஆகாது, கருப்பட்டியும் அப்படியே. அமெரிக்காவில் ஒரு டம்ளர் வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான், சாயம் வேண்டாம். தேனும் கூடாது, தண்ணீர் பட்டால் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும்.

நீங்கள் எதை வைத்தாலும் ஹம்மிங் பறவை செல்லூருக்கு வராது. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே அது கிடையாது. 'நம்ம ஊரில் ஹம்மிங் பறவை' என்று வாட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் தேன்சிட்டு. தலையில் உணர்கொம்பு தெரிந்தால் அது பறவையே இல்லை, அந்துப்பூச்சி. செம்பருத்தி, இட்லிப்பூ வையுங்கள். தேன்சிட்டு தானே வரும்.

பிழைக்கத் தெரியாதது என்று ககாபோவைச் சொல்வது அநியாயம். ஆண் ககாபோ 2 கிலோ தாண்டும், 4 கிலோ வரைகூடப் போகும். பறக்காது. ஆபத்து என்றால் அசையாமல் நிற்கும். மேலிருந்து கண்ணால் தேடும் கழுகிடம் அந்த வித்தை பலித்தது. மனிதன் கப்பலில் கொண்டுவந்த பூனையும் எலியும் மோப்பம் பிடித்து வந்தன. ககாபோவுக்கோ உடம்பு வாசனை தூக்கல். போதாததற்கு, ரிமு மரம் நன்றாகக் காய்க்கும் ஆண்டில்தான் முட்டையிடும். அது 2 முதல் 4 ஆண்டுக்கு ஒருமுறை. 1995-இல் மிஞ்சியவை 51. இன்று பூனை, எலி இல்லாத தீவுகளில் வைத்து இருநூற்றுச் சொச்சம் ஆக்கியிருக்கிறார்கள். 3 கிராம் செந்தொண்டை ஹம்மிங் பறவைக்கு இந்தத் தொல்லை இல்லை. கோடைதோறும் ஈட்டுக்கு 2 முட்டை, சிலந்தி நூலில் கட்டிய கூடு. மனிதர் தோட்டமே அதற்குச் சாப்பாட்டுக்கடை.

பின்குறிப்பில், வீட்டுப் பச்சைக்கிளிக்கு ஜோடி கேட்டிருக்கிறீர்கள். மீனாட்சி கையில் கிளி இருப்பது நமக்கு லைசென்ஸ் ஆகாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். பாவம் பார்த்து நீங்களே திறந்துவிட வேண்டாம். இறகு வெட்டிய கிளி அடுத்த தெருப் பூனை வரைக்கும்தான் போகும்.