ட்யூபுக்குள் தேங்காய்

கேள்வி: முட்டம் கடற்கரையிலிருந்து ஐந்து நிமிட நடையில் எங்கள் வீடு. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. சோப்பு போட்டால் கன்னம் இழுத்துப் பிடிக்கிறது. மகள் நாகர்கோவிலிலிருந்து ‘அமினோ அமில’ ஃபேஸ்வாஷ் வாங்கி வந்தாள். நுரையே வரவில்லை. காசைக் கடலில் போட்டாய் என்கிறார் மாமியார். அது உண்மையிலேயே மென்மையானதா?
– ஒரு வாசகி, குமரி மாவட்டம்

பதில்: காசு கடலில் போகவில்லை, சகோதரி. ட்யூபின் பின்பக்கத்தைப் பாருங்கள். சோடியம் கோகோயில் கிளைசினேட், கோகோயில் குளுட்டமேட் என்று ஏதாவது இருக்கிறதா? அந்தக் ‘கோகோ’ தேங்காய்தான். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலத்தை புரதத்தின் அடிப்படைத் துண்டான ஓர் அமினோ அமிலத்தோடு பிணைத்துச் செய்த அழுக்கு நீக்கி அது. நம் தோப்பில் விளைவதுதான், விலை மட்டும் வேறு என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

சோப்பு காரத்தன்மை உடையது, அமில-கார அளவான பி.எச். (7 நடுநிலை) 9, 10 வரை போகும். தோலோ 5-ஐ ஒட்டிய லேசான அமிலம். சோப்பு அழுக்கோடு தோலின் சொந்த எண்ணெயையும் வழித்துக்கொண்டு போய்விடும். கிணற்று நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருந்தால், அவை சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக முகத்திலேயே தங்கும். குளித்த வாளியின் உட்புறத்தை விரலால் வழித்தால் வெள்ளையாக ஒட்டுமே, அதேதான். குளுட்டமேட்டைத் தோலின் அமில அளவிலேயே தயாரிக்க முடியும்; நுரை குறைவாகத்தான் வரும். கிளைசினேட் நன்றாக நுரைக்கும், ஆனால் சற்றுக் காரப் பக்கம் சாயும். முகம் இழுக்கிறதென்றால் குளுட்டமேட்டே நல்லது. நுரைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை.

ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். பட்டியலின் மேலே சோடியம் லாரில் சல்பேட் என்ற கடுமையான அழுக்கு நீக்கி, கடைக்கோடியில் வாசனைக்கும் பிறகு ‘செரின், அர்ஜினின்’ என்ற அமினோ அமிலங்கள் என்றிருந்தால் அது பெயருக்குத்தான்; கழுவும்போது தண்ணீரோடு போய்விடும். பூசியபின் தோலிலேயே இருக்கும் கிரீமில் என்றால் பயன் உண்டு. தோலின் மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் இயற்கைப் பொருள்களில் ஏறத்தாழ 40 சதவீதம் அமினோ அமிலங்களே. ‘தோலுக்குப் புரதம் ஊட்டும்’ என்ற விளம்பரத்தை விட்டுவிடுங்கள். மீன்குழம்பு செய்கிற வேலையை ஃபேஸ்வாஷ் செய்யாது.

ஒரு பட்டாணி அளவு எடுத்து ஈரக் கையில் குழைத்து, இரவில் ஒரு முறை கழுவுங்கள். காலையில் வெறும் தண்ணீர் போதும். முகம் முழுவதும் காய்வதற்குள் கிரீம் பூசுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் இழுப்போ, சிவந்த தடிப்போ இருந்தால் அடுத்த ட்யூபைத் தேடாமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது அந்த ட்யூபையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.