வான் கோவைப் பற்றிய ‘லஸ்ட் ஃபார் லைஃப்’ திரைப்படம் இன்றும் பார்க்கத் தகுந்ததா? அவருடைய மனநோயை அது காட்சிப்பொருளாக்குகிறதா?

தகுந்தது என்பதே என் பதில். இரண்டாவது கேள்விக்கு, பெரும்பாலும் இல்லை என்பேன். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியராகப் பணிபுரிகிறேன். வின்சென்ட் வான் கோவின் பெயரை எடுத்தவுடன் பிள்ளைகள் முதலில் கேட்பது அறுந்த காதைப் பற்றித்தான். இருபத்தேழு வயதில்தான் ஓவியராவதென்று முடிவுசெய்து, அடுத்த பத்தே ஆண்டுகளில் எண்ணூறுக்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்களைத் தீட்டிய ஒருவரை, தம் காதைத் தாமே அறுத்துக்கொண்ட 1888 டிசம்பர் மாதத்து ஓர் இரவை வைத்தே உலகம் நினைவில் கொண்டிருப்பது எனக்கு ஆறாத வருத்தம். 1956-இல் வின்சென்டி மின்னெல்லி இயக்கிய இந்தப் படம் அந்த இரவை மறைக்கவில்லை; ஆனால் கத்தி படும் கணத்தைத் திரையில் காட்டாமல் விட்டுவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் அந்த மனிதர் எப்படி உழைத்தார் என்பதிலேயே தன் நேரத்தைச் செலவிடுகிறது.

பெல்ஜியத்தின் போரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் மதபோதகராக இருந்து, தன்னிடம் இருந்ததையெல்லாம் தொழிலாளர்களுக்குக் கொடுத்துவிட்டு வைக்கோலில் படுத்துறங்கும் இளைஞராகவே அவரை நாம் முதலில் அறிகிறோம். பின்னர் நெதர்லாந்தில், உருளைக்கிழங்கு உண்ணும் உழவர் குடும்பத்தை விளக்கொளியில் வரையும் பகுதி வருகிறது. 1885-இல் வரைந்த அந்த ஓவியத்தைப் பற்றித் தம்பி தியோவுக்கு எழுதியபோது, தட்டில் நீளும் இதே கைகள்தாம் நிலத்தைத் தோண்டின என்பதைத் தாம் உணர்த்த விரும்பியதாக வான் கோ குறிப்பிட்டிருக்கிறார். அந்தக் காட்சியை வகுப்பில் போட்டுக் காட்டியபோது, விளக்கு ஒன்றுதானே இருக்கிறது, பிறகு எல்லோருடைய முகத்திலும் வெளிச்சம் எப்படி வேறு வேறாக விழுகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். வான் கோவைப் பற்றி ஒரு பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

வான் கோவாக வரும் கிர்க் டக்ளஸின் நடிப்பு மிகையானது என்று இன்று சிலர் சொல்வதுண்டு. பேச ஒரு துணை கிடைத்தவுடன் அடக்க முடியாமல் பேசித் தீர்க்கும் தனிமையை வேறு எப்படி நடித்துக் காட்ட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. பிரான்சின் ஆர்ல் நகரில் இருந்த மஞ்சள் வீட்டில், சக ஓவியர் பால் கோகனுடன் வான் கோ கழித்த ஒன்பது வாரங்கள், படத்தில் இரண்டு நோக்குகளின் மோதலாகவே விரிகின்றன: கண்முன் இருப்பதைப் பார்த்து, உணர்ச்சி பொங்கத் தீட்டுபவர் வான் கோ, மனத்தில் ஒழுங்குபடுத்திக்கொண்டு தீட்டச் சொல்பவர் கோகன். கோகனாக நடித்த ஆந்தனி குயின் சிறிது நேரமே திரையில் வந்தாலும், துணை நடிகருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார்.

வண்ணத்தில் மின்னெல்லி காட்டிய பிடிவாதத்தையும் சொல்ல வேண்டும். அன்று வழக்கத்துக்கு வந்துவிட்ட ஈஸ்ட்மன் படச்சுருளின் நிறங்கள் கண்ணைப் பறிப்பவை என்று கருதிய அவர், மென்மையான ஆன்ஸ்கோ படச்சுருளில்தான் எடுப்பேன் என்று நின்றார். ஆர்ல் பழத்தோட்டங்கள் பூத்துக் கிடக்கும் காட்சியைப் பார்த்தால் அந்தப் பிடிவாதம் நியாயமானதென்று தெரியும்.

குறைகள் இரண்டு. கோதுமை வயலில் காக்கைகள் பறக்கும் ஓவியத்தைத் தீட்டியபடியே வான் கோ தம்மைச் சுட்டுக்கொள்வதாகப் படம் காட்டுகிறது. அந்த ஓவியம் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே தீட்டப்பட்டுவிட்டது. கடைசியாக அவர் வரைந்துகொண்டிருந்தது மரவேர்களின் ஓவியம் என்பதே இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. அந்த வேர்கள் இருந்த இடத்தை 2020-இல் ஒரு பழைய அஞ்சலட்டையின் வழியாகக் கண்டறிந்தார்கள். இரண்டாவது குறை எனக்கு இன்னும் பெரியது. தியோவின் மனைவி யோஹானாவுக்குப் படத்தில் உரிய இடமில்லை. 1890 ஜூலையில் வின்சென்ட்டும், அடுத்த ஜனவரியில் தியோவும் இறந்த பிறகு, கைக்குழந்தையோடும் எவரும் விரும்பி வாங்காத நூற்றுக்கணக்கான ஓவியங்களோடும் நின்ற அந்தப் பெண், அவற்றைக் காப்பாற்றிக் கண்காட்சிகளில் வைத்து, 1914-இல் கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டார். படத்தில் பின்னணிக் குரலாக ஒலிக்கும் கடித வாசகங்கள் நமக்குக் கிடைத்ததே அவரால்தான்.

முடிந்தவரை பெரிய திரையில் பாருங்கள். செயின்ட் ரெமி மனநல விடுதியின் சன்னல் வழியே, கோதுமை அறுப்பவனைப் பார்த்து வான் கோ தீட்டும் பகுதியில் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். அந்த அறுவடைக்காரனில் தாம் மரணத்தைக் கண்டதாகவும், பொன்னொளி நிறைந்த பகல் வெளிச்சத்தில் நிகழ்வதால் அதில் துயரம் ஏதுமில்லை என்றும் அவர் தியோவுக்கு எழுதியிருந்தார்.