மினிட் புத்தகத்தில் என்ன எழுதினார்கள்?

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற பொறியாளன். எங்கள் வார்டில் வாக்காளர்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டம் சென்ற மாதம் நடந்தது; அதற்கு முதன்முறையாகச் சென்றிருந்தேன். பாதாளச் சாக்கடை இணைப்புக்காக எங்கள் தெருவில் தோண்டிய பள்ளத்தைச் சரியாக மூடாததால் எட்டு மாதமாக இருசக்கர வண்டிகள் சறுக்கி விழுகின்றன. இதைப் படங்களோடும் அளவுகளோடும் நான்கு பக்க மனுவாகத் தயாரித்து எடுத்துச் சென்றேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கால்வாய் ஓரக் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண்மணி எழுந்து, பொதுக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று கூச்சலிடத் தொடங்கிவிட்டார். அதன்பின் கூட்டம் சந்தையாகிவிட்டது. கவுன்சிலர் அம்மையாருக்குப் பதிலாக அவருடைய கணவரே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். என் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள், தேநீர் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உத்திரமேரூரில் குடவோலை முறை கண்ட நாட்டில் இப்படியா என்று வேதனையாக இருக்கிறது. முறையாகச் சொத்து வரி கட்டுபவர்களுக்குப் பேச முன்னுரிமை தர வேண்டாமா? இனி இத்தகைய கூட்டங்களுக்குப் போவதில் பொருள் உண்டா, அல்லது தகவல் அறியும் உரிமைச் சட்டம், நீதிமன்றம் என்ற வழியில் போவதே மேலா? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கே.ஆர்.

அன்புள்ள கே.ஆர்.,

ஊரின் பெயரையும் வார்டு எண்ணையும் நீக்கிவிட்டு உங்கள் கடிதத்தை வெளியிடுகிறேன். அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாக ஒரு சபைக்குப் போய், பேசவும் எழுந்து நின்றிருக்கிறீர்கள். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நகராட்சியைத் திட்டுவதில் நிறைவு கண்டுவிடுகிற என் வயதுக்காரர்கள் பலரைப் பார்த்துச் சலித்தவன் நான். ஆகவே உங்கள் மீது முதலில் எனக்கு உண்டானது மரியாதைதான். இனி வருவதை அந்த மரியாதையோடு சேர்த்தே படியுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்து ஒரு வாக்கியத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. மனுவை வாங்கியது, தேநீர் கொடுத்தது, படம் எடுத்தது எல்லாவற்றையும் வரிசையாக எழுதிய நீங்கள், மேசைக்குப் பின்னால் பேனாவோடு உட்கார்ந்திருந்த அலுவலர், கூட்ட நடவடிக்கைகளைப் பதியும் மினிட் புத்தகத்தில் என்ன எழுதினார் என்பதை எழுதவில்லை. நீங்கள் அதைப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவும் இல்லை. சில மாதங்களாக நான் யோசித்துக்கொண்டிருப்பது இதைப் பற்றித்தான் என்பதால்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

கவுன்சிலரின் கணவர் பேசிய விவகாரத்தை நான் நீட்டப்போவதில்லை. அடுத்த முறை அவர் பதில் சொல்லத் தொடங்கினால், முகத்தைத் திருப்பி அந்த அம்மையாரைப் பார்த்து, அவருடைய பெயரைச் சொல்லி, கேள்வியை மறுபடி கேளுங்கள். தேநீரும் படமும் பொருட்படுத்தத் தக்கவை அல்ல.

உத்திரமேரூரையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டுகளைப் பேசாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. அவற்றை முழுதாகப் படித்தவர்கள்தான் குறைவு. காணி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடைய, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்ட ஆண்களின் பெயர்களே அந்தக் குடத்தில் விழுந்தன. அந்த நிலத்தை உழுதவன் என்ன குறை சொன்னான் என்று எந்தச் சுவரிலும் இல்லை. இருந்தும் ஒரு விதியை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்: வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் உறுப்பினனாக இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுடைய பெயரையும் அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் மறுபடி குடத்தில் இட முடியாது. இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் நமக்கு அது தெரிகிறது என்றால், அந்தச் சபையார் அதைக் கல்லில் வெட்டி வைத்ததுதான் காரணம்.

உங்கள் மனுவுக்கு வருகிறேன். நீங்கள் அதன் நகலை இணைத்திருந்தீர்கள். பள்ளத்தின் நீளம், ஆழம், விழுந்தவர்களின் எண்ணிக்கை எல்லாம் துல்லியம். ஒரு பொறியாளரின் கை தெரிகிறது. ஆனால் அது எப்படித் தொடங்குகிறது? ‘உயர்திரு ஆணையர் அவர்கள் சமூகத்திற்கு’ என்று தொடங்கி, ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிகிறது. பகுதி சபைக்கு நீங்கள் போனது அதன் உறுப்பினராக. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருப்பதே அதற்குப் போதுமான தகுதி. உறுப்பினர் சபையில் தாழ்மையுடன் எதையும் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் மனுவோடு வரிசையில் நின்று பழகிய நாம், நமக்கென்று ஒரு சபை வந்த பிறகும் அதை இன்னொரு மனு வாங்கும் சன்னல் என்றே நினைத்துக்கொள்கிறோம். மனுவுக்குக் கிடைப்பது ஒரு ரசீது. சபையில் பேசியதற்குக் கிடைக்க வேண்டியது ஒரு பதிவு. ரசீது நீங்கள் கேட்டதைச் சொல்லும், அவ்வளவுதான். பதிவு இருந்தால், நீங்கள் கேட்டதற்குச் சபை என்ன சொன்னது, யார் பொறுப்பேற்றார், எப்போது முடிப்பதாகச் சொன்னார் என்பதெல்லாம் அடுத்த கூட்டத்தில் வந்து நிற்கும்.

என் தந்தை ஒரு பேரூராட்சியில் எழுத்தராக இருந்தார். 1996 தேர்தலில் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீடு வந்தபோது எங்கள் ஊருக்கும் ஒரு தலைவி கிடைத்தார். அவர் அதிகம் படித்தவர் அல்லர்; ஆனால் கூட்டம் நடக்கும்போது வராந்தாவில் நிற்கிறவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கிற வழக்கம் அவருக்கு இருந்தது. மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச விதியில் இடமில்லை என்று செயல் அலுவலர் சொல்வார். ‘பேசட்டும், நாமதான கேக்கப் போறோம்’ என்று தலைவி சொல்வார். அப்படி ஒரு நாள் உள்ளே வந்தவர், மேலத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்த, பீடி சுற்றிப் பிழைத்த ஓர் அம்மாள். அன்று தந்தைக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய் வாசலில் காத்திருந்ததால் நான் அதைப் பார்த்தேன்.

அவர் பேசினார். உங்கள் சொல்லில் சொன்னால், கூச்சலிட்டார். தலைவி ‘பாக்கச் சொல்லுதேன்’ என்றார். அத்துடன் அடுத்த பொருளுக்குப் போக வேண்டும். அந்த அம்மாள் நகரவில்லை. என் தந்தையைப் பார்த்து, ‘நான் சொன்னத எழுதிட்டியளா அண்ணாச்சி? ஒரு தடவ வாசிங்க, கேப்போம்’ என்றார். தந்தை வாசித்தார்: ‘குடிநீர் விநியோகம் தொடர்பாகப் பொதுமக்கள் கோரிக்கை விடுத்தனர். பரிசீலிக்கப்படும் எனத் தெரிவிக்கப்பட்டது.’ அந்த அம்மாள் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, ‘நான் கோரிக்கை எல்லாம் விடலயே. பிள்ளையார் கோயில் பக்கத்து நல்லியில ஏழு மாசமா தண்ணி வரல. அத எழுதுங்க. நான் வந்து சொன்னேன்னும் எழுதுங்க’ என்று சொல்லித் தன் பெயரையும் சொன்னார். தந்தை அடித்துவிட்டு எழுதினார். அடித்த இடத்தில் தலைவியிடம் சுருக்கொப்பமும் வாங்கினார்.

முந்தைய கூட்ட நடவடிக்கைகளை வாசித்து உறுதி செய்வதே அங்கு ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வேலையாக இருந்தது. ஆகவே அடுத்த மாதம் அந்த நல்லி மறுபடி வாசிக்கப்பட்டது. அதற்கடுத்த மாதம் ஓர் உறுப்பினர் எழுந்து அது என்னவாயிற்று என்று கேட்டார். நான்காம் மாதம் தண்ணீர் வந்தது. அதற்குக் காரணம் அந்தப் பதிவுதானா, கோடையில் புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணறா என்பதைத் தந்தை கடைசிவரை உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் ‘பொதுமக்கள் கோரிக்கை விடுத்தனர்’ என்று எழுதுவதை ஓய்வுபெறும் வரை அவர் விட்டுவிட்டார். அலுவலகத் தமிழில் ‘பரிசீலிக்கப்படும்’ என்றால் இல்லை, ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்றால் இப்போது இல்லை, ‘பதிவு செய்யப்பட்டது’ என்றால் இனிக் கேட்காதே என்று அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்த நாட்களில்தான்.

இப்போது உங்கள் சொத்து வரி. இதில் எனக்குப் பொறுமை இல்லை. வரி கட்டியவருக்கே நகராட்சியில் வாக்கு என்ற விதி வெள்ளைக்காரர் ஆட்சியில் நடப்பில் இருந்தது. ரிப்பன் பிரபு 1882-இல் உள்ளாட்சிக்குத் தீர்மானம் கொண்டுவந்த பிறகும் நகரத்து ஏழைக்கு அந்தச் சபைகளில் இடமில்லை. சுதந்திர நாட்டில் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்து அந்த விதி செத்துப்போனதை, நீங்கள் பிறப்பதற்கு முன் நடந்தது என்பதால் அறியாதவர்போல் பேசுகிறீர்கள். அந்தப் பெண்மணி கடையில் வாங்கும் சோப்புக்கும் எண்ணெய்க்கும் வரி இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் அவர் பேசலாம். உங்கள் தெருவில் சறுக்கி விழுந்தவர்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் குடியிருப்புப் பெண்கள் தண்ணீர் இல்லாத கழிப்பறைக்குக் காலையில் எத்தனை மணிக்கு எழுந்து போகிறார்கள் என்று உங்களுக்கு அடுத்த இருக்கையில் இருந்தவரிடமாவது கேட்டீர்களா? நான்கு பக்கத்தை முழுதாகப் படித்து முடிக்கும் வரை அவர் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று எதிர்பார்த்த நீங்கள், அவர் சொன்னதை நான்கு நிமிடம் கேட்டிருக்கலாம்.

கடுமையாக எழுதிவிட்டேன். பழி முழுவதும் உங்களுடையது அன்று. சபையில் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது என்பதெல்லாம் பழக்கத்தால் வருவது. நகரத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்தப் பழக்கத்தை யாரும் தரவில்லை. 1973-இல் கலைக்கப்பட்ட சென்னை மாமன்றத்துக்கு 1996-இல்தான் மறுபடி தேர்தல் நடந்தது. ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து வேலைக்குப் போகும் வரை அந்த மாநகரில் கவுன்சிலர் என்றொருவர் இல்லை. 2016-இல் நடந்திருக்க வேண்டிய நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தனி அலுவலர்களே தீர்மானமும் போட்டார்கள், அதில் கையெழுத்தும் போட்டார்கள். கிராமத்தாருக்கு 73-ஆவது திருத்தம் கிராம சபையை அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொடுத்தது. அதன் இரட்டைப் பிள்ளையான 74-ஆவது திருத்தமோ நகரத்தாருக்கு மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள ஊர்களில் வார்டு குழு என்பதோடு நிறுத்திக்கொண்டது. குடிமக்கள் எல்லாரும் உட்காரும் சபை அதில் இல்லை. தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கியது 2022 நவம்பர் 1-இல்தான்; அன்று சென்னையை அடுத்த பம்மலில் முதலமைச்சரே போய் உட்கார்ந்தார். அதிலும் பகுதிப் பிரதிநிதிகளை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அவர்கள் நியமிக்கப்படுகிறார்கள். அந்தக் குறையைப் பற்றி வேறொரு நாள் எழுத வேண்டும். ஆக, உங்கள் கூட்டம் சந்தையானதில் வியப்பு ஒன்றுமில்லை. சந்தைக்காவது நமக்கு வாரந்தோறும் பழக்கம் உண்டு.

எழுத்தில் இவ்வளவு இருக்கிறதா என்று நீங்கள் கேட்கக்கூடும். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்ற வழக்கில், அங்குள்ள கிராம சபைகள் முடிவு சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதி நிலையிலான ஒருவர் பார்வையாளராக இருக்க வேண்டும் என்றும் கூறியது. பன்னிரண்டு ஊர்களில் சபை கூடியது. டோங்கிரியா கோந்த் மக்கள் மலை தங்கள் தெய்வமான நியாம் ராஜாவுக்குரியது என்று பேசினார்கள். பன்னிரண்டு சபைகளும் வேண்டாம் என்றன. அது தீர்மானமாக எழுதப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. அதற்கு முன்பும் அதே மக்கள் அதே சொற்களைப் பல ஆண்டுகளாகச் சாலையில் நின்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

உங்கள் கேள்வி எங்கோ பின்னால் நின்றுவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டமா, கூட்டமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி விண்ணப்பித்தால் முப்பது நாளில் பதில் தர வேண்டும்; ஆனால் ஆவணத்தில் இருப்பதைத்தான் தருவார்கள். எழுதாததை எந்தச் சட்டத்தாலும் நகல் எடுக்க முடியாது. ஆகவே முதலில் கூட்டத்துக்குத்தான் போக வேண்டும். நான்கு பக்கத்தை மூன்று வரியாக்கிக்கொள்ளுங்கள்: எந்தத் தெரு, எவ்வளவு நீளம், எந்தத் தேதியிலிருந்து. மற்றவர்கள் பேசும் வரை உட்கார்ந்திருங்கள். முடிவில் எழுந்து, இன்று எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். ‘பரிசீலிக்கப்படும்’ என்று வாசித்தால், யார், எப்போது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கழிப்பறைத் தண்ணீரும் அதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அந்தப் பெண்மணியோடு சேர்ந்து நின்று அதையும் எழுதச் சொல்லுங்கள். அதற்கு அவர் பெயர் வேண்டும். உங்கள் கடிதத்தில் அது இல்லை.

அன்புடன்.