ஆன்டிபாடி மருந்து ஏறியதும் நடுக்கம் வருவது ஏன்?

ஆன்டிபாடி உடம்பைக் காப்பாற்றும் பொருள்தானே, அதை மருந்தாக ஏற்றினால் குளிர்காய்ச்சல் ஏன் வருகிறது, முன்கூட்டியே ரத்தத்தில் சோதிக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு முதல்முறை ரிட்டுக்சிமாப் (பி செல் என்ற வெள்ளணுக்களைக் குறிவைக்கும் ஆன்டிபாடி மருந்து) ஏற்றியபோது இதே கேள்வியோடுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரத்தில் தூக்கிப் போட்டது. நர்ஸ் டிரிப்பை நிறுத்தி, நடுக்கம் அடங்கியபின் இன்னும் மெதுவாக ஓடவிட்டார்.

ஆன்டிபாடியைக் கவட்டைக் குச்சி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளும் இலக்குச் செல்லைப் பிடிக்கும். காம்பை என்கே செல், மோனோசைட் போன்ற வெள்ளணுக்கள் தங்கள் மேற்பரப்பில் இருக்கும் பிடிப்பான்களான ஏற்பிகளால் பற்றிக்கொள்ளும். ஓர் ஏற்பி மட்டும் மாட்டினால் பெரிதாக ஒன்றும் ஆகாது, பல ஏற்பிகள் ஒரே இடத்தில் நெருக்கியடித்துச் சேர்ந்தால்தான் செல்லுக்குள் சிக்னல் போய் டிஎன்எஃப், ஐஎல்-6, இன்டர்ஃபெரான் காமா என்கிற சைட்டோகைன்கள் (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல விடும் புரதங்கள்) எல்லாம் வெளியே கொட்டும். காய்ச்சல், நடுக்கம், பிரஷர் இறங்குவது எல்லாம் இவற்றின் வேலை.

சரி, சோதனை விஷயம். 2006 மார்ச் 13 அன்று லண்டனில் டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடியை ஆரோக்கியமான ஆறு ஆண்களுக்கு ஏற்றினார்கள். டி செல் என்ற வெள்ளணுவின் சிடி28 ஏற்பியை நேரடியாகவே முடுக்கிவிடுகிற மருந்து அது. குரங்குகள் தாங்கிய அளவில் 500-ல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள், அப்படியும் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் தலைவலி, முதுகுவலி, காய்ச்சல் என்று தொடங்கி, அடுத்த ஒரு நாளுக்குள் பல உறுப்புகள் செயலிழக்கும் நிலைக்குப் போனார்கள். ஆறு பேரும் பிழைத்தார்கள் என்பதுதான் பெரிய ஆறுதல். அந்தக் குரங்குகளின் செயல்படு நினைவு டி செல்களில் (முன்பு பார்த்த கிருமியை நினைவில் வைத்து உடனே தாக்கும் டி செல்களில்) சிடி28 இல்லை, மனிதர்களுக்கு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

என்னை இன்றுவரை விடாமல் யோசிக்க வைப்பது அடுத்த விஷயம். அதே மருந்தை மனித ரத்த வெள்ளணுக்களோடு கரைசலாகக் கலந்தபோது சைட்டோகைன் வரவில்லை. பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் காயவைத்து ஒட்டி, அதன்மேல் செல்களைப் போட்டதும் கொட்டியது! மிதக்கிற ஆன்டிபாடி ஏற்பிகளை ஒன்றாக இழுத்துக் கட்டவில்லை, ஒட்டியது கட்டிவிட்டது. அதனால் யாராவது ரத்தத்தில் சோதித்தோம், ஒன்றும் ஆகவில்லை என்றால், எப்படிச் சோதித்தீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம், அம்மாவுக்கு இரண்டாவது டோஸ் அமைதியாக ஏறியது. முதல் டோஸிலேயே ரத்தத்தில் இருந்த பி செல்கள் பெரும்பாலும் போய்விடுவதால், மருந்து பிடிக்க அங்கே இலக்கு குறைவு.